கடல் கடந்த செவிலியர்

பொருள்வயிற் பிரிவு தமிழ் அக இலக்கியத்தின் தொன்மையான துறைகளுள் ஒன்று. அத்துறையில் பிரிபவன் தலைவன். இல்லிருந்து ஆற்றியிருப்பவள் தலைவி. பெண்ணோடு கடல் கடத்தல் வழக்கமன்று எனத் தொல்காப்பியமும் வரையறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்டத் தொழிலாளராகப் பெண்கள் சென்றதுண்டு. அவர்களுள் பலர் குடும்பத்தோடு சென்றவர்கள். கல்விச் சான்றிதழை ஏந்தித் தனியே புறப்பட்டு, வீட்டிற்குப் பொருள் அனுப்பும் பெண்ணைப் பெருமளவில் காட்டியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியே. அப்பெண்களுள் முன்வரிசையில் நிற்போர் செவிலியர். அகப்பாடல்களில் செவிலி, பிரிந்து சென்ற மகளை எண்ணி வருந்துபவள். இக்காலத்திலோ பிரிந்து செல்பவளே செவிலி.

இப்பயணத்திற்கான அடித்தளம் நம் மண்ணில் நெடுங்காலத்திற்கு முன்பே இடப்பட்டது. 1871இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளியை நிறுவினார். 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மகப்பேற்றுத் தாதியர் சட்டம் நிறைவேறியது. 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தோன்றியது. 1947இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. உள்நாட்டு நோயாளர்க்கென எழுந்த இக்கல்வி, ஆங்கில மொழியிலும் ஆங்கிலேய முறையிலும் அமைந்திருந்தது. பிற நாடுகள் இப்பெண்களை விரும்பி அழைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

1960களில் கத்தோலிக்கத் திருச்சபையின் வழியாகக் கேரள இளம்பெண்கள் செருமனிக்குச் சென்றனர். 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, தொழிற்கல்வி பெற்ற ஆசியருக்கு வழிவிட்டது. 1973க்குப் பின் எண்ணெய் விலை உயர, வளைகுடா நாடுகளில் மருத்துவமனைகள் பெருகின. வெளிநாட்டில் பயின்ற செவிலியரின் சான்றுகளை ஆராய்வதற்கென்றே 1977இல் அமெரிக்காவில் சி.ஜி.எஃப்.என்.எஸ். என்னும் அமைப்பு நிறுவப்பெற்றது.

1978ஆம் ஆண்டு திருப்பூருக்கும் குறிப்பிடத்தக்கது. இத்தாலிய வணிகர் வெரோனா வெள்ளைப் பனியன்களைத் தேடி இவ்வூருக்கு வந்தது அவ்வாண்டில்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழ்நாடு அரசு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அமைத்ததும் அதே ஆண்டில்தான். பின்னலாடையும் உழைக்கும் மனிதரும் ஒரே காலத்தில் அயல்நாட்டுச் சந்தையை நோக்கினர் எனலாம்.

இரண்டிற்கும் வாயில்காப்போன் ஒருவனே. திருப்பூர் ஏற்றுமதியாளர் 'கோட்டா' என்னும் சொல்லோடு வாழ்ந்தவர்கள். 1974இல் வந்த பல்லிழை ஒப்பந்தம், எந்நாடு எத்தனை உருப்படி அனுப்பலாம் என அளந்தது. செவிலியர்க்கும் அத்தகைய அளவுகோல் இருந்தது. அமெரிக்கா 1989இல் அவர்களுக்கெனத் தனி விசாவை ஏற்படுத்தி, 1995இல் அது காலாவதியாக விட்டது. 1999இல் ஆண்டுக்கு 500 பேர் என்னும் வரம்போடு வேறொன்றைத் தந்தது. ஆடைக்கான கோட்டா 2004 இறுதியோடு மறைந்தது. அடுத்த மாதமே, 2005 சனவரியில், அதுவரை அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட நிலத்திற்கே சென்று எழுத வேண்டியிருந்த என்க்ளெக்ஸ் உரிமத் தேர்வு முதன்முறையாக வெளிநாடுகளில் நடைபெற்றது; பின்னர் இந்தியாவிலும் அதனை எழுத வழி பிறந்தது.

பிரிட்டனின் வரலாறும் இதுவே. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் இந்தியச் செவிலியரை ஆர்வத்தோடு அழைத்த அந்நாடு, 2006இல் பொதுச் செவிலியர் பணியைப் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. 2015இல் மீண்டும் சேர்த்தது. கதவு திறந்ததும் மூடியதும் செவிலியரின் திறமையில் ஏற்பட்ட மாற்றத்தால் அன்று. அழைத்த நாட்டின் தேவை கூடியதாலும் குறைந்ததாலுமே.

ஒப்புமை இவ்விடத்தில் முடிகிறது. ஏற்றுமதிக்குத் தவறிய பனியன் காதர்பேட்டைக் கடைகளில் விலைபோகும். பாதி விலைக்கேனும் அதற்கொரு சந்தை உண்டு. மூடிய கதவின் முன் நிற்கும் செவிலிக்கு அத்தகைய காதர்பேட்டை இல்லை. அவளிடம் மிஞ்சுவது கல்விக் கடனும், முகவருக்குக் கட்டிய தொகையும், காலாவதியாகும் மொழித்தேர்வு மதிப்பெண்ணுமே. பட்டம் பெற்று ஆண்டுக்கணக்கில் நோயாளரைப் பேணியவளும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் அரை மதிப்பெண் குறைந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

இக்கடனின் பாரத்தை நாடறியச் செய்தது 2014. ஈராக்கின் திக்ரித் நகரில் போரிடையே 46 இந்தியச் செவிலியர் சிக்கினர். பெரும்பாலோர் கேரளத்தவர், தூத்துக்குடிப் பெண் ஒருவரும் அவர்களுள் இருந்தார். ஆயுதக் குழுவினரால் மோசுலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின் விடுவிக்கப்பெற்று, சூலை 5ஆம் நாள் கொச்சியில் வந்திறங்கினர். ஊதிய நிலுவையும் வீட்டுக் கடனும் பலரை அந்நகரிலேயே தங்கச் செய்திருந்தன என்பது அப்போது வெளிப்பட்டது. 2015இல் இந்திய அரசு, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்க்குக் குடிபெயர்வு அனுமதியைக் கட்டாயமாக்கி, அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியாகவே ஆளெடுக்க வேண்டும் என விதித்தது. பிற்காலத்தில் வந்தாலும் வேண்டிய பாதுகாப்பே அது.

பிரிவின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. ஒரு செவிலியை உருவாக்கும் செலவு இங்குள்ள குடும்பத்தினுடையது. கைதேர்ந்த உழைப்பின் பயன் வேறொரு நாட்டினுடையது. செல்வந்த நாடுகள் வறிய நாடுகளின் மருத்துவப் பணியாளரை வரம்பின்றி ஈர்த்தலாகாது என்னும் நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் 2010இல் வகுத்தது. ஆயினும் அது சட்டமன்று. திருப்பூர் 2009இல் மாவட்டமாயிற்று. 2022இல் இங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. வெளியூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிப் பின்னலாடை தைக்கும் பெண்கள் நோயுற்றால் அவர்களின் கட்டிலருகே நிற்கவும் தேர்ந்த செவிலியர் வேண்டும். அவர்கள் இங்கேயே வாழத்தக்க ஊதியமும் மதிப்பும் கிடைக்குமாயின், கடல் கடத்தல் கட்டாயமாக இராது. விருப்பமாக மட்டுமே இருக்கும்.

ஆடை ஏற்றுமதியின் கணக்கு ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. செவிலியர் அனுப்பிய பணமும் வங்கிக் கணக்கில் பதிவாகும். இரவுப் பணி முடிந்து, அயல்மொழியில் நோயாளரைத் தேற்றிவிட்டு, தம் தாயின் நோயைத் தொலைபேசியில் கேட்டறியும் பெண்ணின் பிரிவுக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. பொருள்வயிற் பிரிவைத் துறையாக வகுத்த மொழி, பொருள் தேடிப் பிரிந்த தலைவியின் துறையையும் வகுத்துப் பாடக் கடன்பட்டிருக்கிறது.