பின்பனிக்கால விரால் மீன்பிடிப்பு

பின்பனிக்கால விரால் மீன்பிடிப்பு என்பது மாசி, பங்குனி மாதங்களில், அதாவது பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, ஏரி, குளம், அணை ஆகியவற்றின் நீர் இறங்கிவரும்போது தூண்டில் கொண்டு விரால் மீனைப் பிடிப்பதாகும். தமிழ்நாட்டின் ஏரிப்பாசனப் பகுதிகள் பலவற்றிலும் இது வழக்கில் உள்ளது. இக்கட்டுரை கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும், அதன் மேற்கே அமைந்த கல்வராயன் மலையின் அடிவாரத்தையும் முதன்மையாகக் கொண்டது. கள்ளக்குறிச்சி 2019 ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது.

வட அமெரிக்காவில் இளவேனில் தொடக்கத்தில் பாஸ் எனப்படும் நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிப்பது பெரும் பொழுதுபோக்காகும். அம்மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் இல்லை. நீர்ச்செடிகளுக்கிடையே அசையாது பதுங்கியிருந்து, அருகில் வரும் இரையை ஒரே பாய்ச்சலில் கவ்வும் அதன் இடத்தை இங்கு விரால் வகிக்கிறது. எனினும் பாஸ் மீனுக்குரிய பருவக் கணக்கு விராலுக்குப் பொருந்தாது. குளிர்காலத்தில் மந்தமாக இருக்கும் பாஸ், நீரின் வெப்பம் 15 பாகை செல்சியசைத் தாண்டி ஏறும் வேளையில் முட்டையிடக் கரையை நாடுகிறது. கள்ளக்குறிச்சிச் சமவெளியின் ஏரிநீர் அந்த அளவிற்குக் குளிர்வதே இல்லை. இங்கு பருவத்தை முடிவு செய்வது வெப்பமன்று, நீர்மட்டமே.

மீன்

விரால் (வரால் என்றும் வழங்கும்) சன்னா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இதன் அறிவியற் பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. செருமானிய இயற்கையியலாளர் மார்க்கஸ் எலீசர் புளோக் 1793 ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தார். தலை பாம்பின் தலையை ஒத்திருப்பதால் அவர் இட்ட பழைய பேரினப் பெயரும் 'பாம்புத்தலை' என்னும் பொருள் தருவதே. சங்க இலக்கியத்தின் மருதத்திணைப் பாடல்களில் அடிக்கடி இடம்பெறும் மீன்களுள் இதுவும் ஒன்று. தெலங்காணா மாநிலம் இதனைத் தன் மாநில மீனாக ஏற்றுள்ளது.

இதே பேரினத்தைச் சேர்ந்த குரவை (சன்னா பங்டேட்டா) சிறியது. சேற்றுக் குட்டைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் மிகுதியாக வாழ்வது. சன்னா மருலியஸ் என்னும் இனம் இவற்றுள் மிகப் பெரியது. ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். ஆறுகளின் ஆழ்ந்த மடுக்களும் அணை நீரும் அதன் வாழிடங்கள். ஏரியில் தூண்டிலிடுவோர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் 30 முதல் 60 செ.மீ. நீளமுள்ள சாதாரண விராலையே.

செவுள் இருந்தும் விராலுக்கு அது போதுவதில்லை. செவுளுக்கு மேலே உள்ள அறைகளால் காற்றை நேரடியாகச் சுவாசிப்பதற்காக இம்மீன் குறித்த இடைவெளிகளில் நீர்ப்பரப்பிற்கு வந்தாக வேண்டும். மேலே வரவிடாமல் வலையினால் நீருக்குள் அழுத்தி வைத்தால் மீனாயிருந்தும் மூச்சுத்திணறி இறந்துவிடும். தூண்டிற்காரர் விராலைக் கண்டறிவது பெரும்பாலும் இந்தத் தேவையைக் கொண்டே.

நீர் இறங்கும் பருவம்

கள்ளக்குறிச்சிக்கு மழை தென்மேற்குப் பருவக்காற்றாலும், அதனினும் சிறப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றாலும் கிடைக்கிறது. கல்வராயன் மலையில் விழும் மழை ஓடைகளாக இறங்கிக் கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகளை அடைகிறது. கச்சிராயபாளையம் அருகேயுள்ள கோமுகி அணையின் முழு நீர்மட்டம் 46 அடி. மணிமுக்தா அணையின் முழு நீர்மட்டம் 36 அடி. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் பல ஏரிகளை நிரப்புகின்றன. மாவட்டத்தின் வடக்கே திருக்கோவிலூர்ப் பகுதி தென்பெண்ணை ஆற்றை ஒட்டியது.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஏரி நிறைந்திருக்கும்போது விரால் கரையோரக் கோரைப்புல்லிலும் மூழ்கிய கருவேல மரங்களுக்கிடையிலும் பரவிவிடும். அப்போது தூண்டிலிட்டு அதனைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதற்கு ஒப்பானது. தை அறுவடைக்குப் பின் பாசனத்தாலும் வெயிலாலும் நீர் பின்வாங்குகிறது. மாசியில் கரையோரப் புல் வெளிப்பட்டுக் காய, மீன்கள் உள்நோக்கி நகர்ந்து, எஞ்சியுள்ள ஆம்பல், தாமரைத் திட்டுகளிலும் மதகடிப் பள்ளத்திலும் ஒதுங்குகின்றன. பங்குனியில் இவ்வொதுக்கிடங்கள் மேலும் சுருங்குகின்றன.

நாளின் எந்நேரம் சிறந்தது என்பதில் மாசிக்கும் பங்குனிக்கும் வேறுபாடு உண்டு. மாசியின் முற்பகுதியில் இரவும் விடியலும் குளிர்ந்தே இருக்கும். மலையடிவாரத்தில் பனிமூட்டமும் காணப்படும். ஆகவே விடியற்காலையில் சென்று காத்திருப்பதைவிட, வெயில் ஏறி ஆழமற்ற நீர் சற்றே சூடான பின், காலை ஒன்பது மணியளவில் தொடங்குவது பயன்தரும். பங்குனியில் இது தலைகீழாகிறது. நடுப்பகலில் மீன் செடி நிழலுக்குள் அடங்கிவிடுவதால் விடியலும் அந்தியுமே ஏற்ற நேரங்கள்.

நீரைப் படித்தல்

கரைக்கு வந்தவுடன் தூண்டிலை வீசாமல் கால் மணி நேரமாவது நீரைப் பார்த்திருத்தல் நன்று. விரால் மூச்சுக்கு மேலே வரும்போது மெல்லிய 'பொளக்' என்ற ஒலியுடன் ஒரு வட்டம் விரியும். ஓரிரு குமிழிகள் எஞ்சும். கெண்டை துள்ளுவதால் எழும் அலை சிதறலாக இருக்கும். விராலின் வட்டமோ அமைதியானது. நீர் சூடாகி அதிலுள்ள உயிர்வளி குறையக் குறைய மீன் மேலே வருவதும் கூடுகிறது. இதனால் பங்குனியில் ஒரே விராலை இருமுறை மும்முறை அடையாளம் காண முடியும். அது பெரும்பாலும் தன் ஒதுக்கிடத்தை விட்டு வெகுதூரம் செல்லாது.

வட்டம் தோன்றிய இடத்திலேயே தூண்டிலைப் போடுவது புதியவர்கள் செய்யும் பிழை. தலைமேல் விழும் எதனையும் விரால் பகையாகவே கொண்டு விலகும். இரை அவ்விடத்தைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் அப்பால் விழுந்து, செடியோரமாக மீனை நோக்கி ஊர்ந்து வரவேண்டும். கரையில் நிற்பவரின் நிழல் நீரில் விழாதிருப்பதும், அடிவைக்கும் அதிர்வு குறைவாயிருப்பதும் இன்றியமையாதன. ஏரிக்கரை மண் அதிர்வை நன்கு கடத்தும்.

கருவியும் இரையும்

மூங்கில் கழி, தங்கூசி எனப்படும் நைலான் நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, தூண்டில் முள் ஆகியவையே நெடுங்காலக் கருவிகள். மண்புழு குரவைக்கும் சிறு விராலுக்கும் ஏற்றது. பெரிய விராலுக்குச் சிறு கெண்டையை முதுகுத் துடுப்பருகே உயிருடன் கோத்து விடுவர். தூண்டிலைக் கரையில் நட்ட குச்சியில் கட்டி, இரவு முழுவதும் விட்டுவைத்துக் காலையில் பார்க்கும் வழக்கமும் உள்ளது. இதில் மீன் முள்ளை விழுங்கிவிடுவதால் சிறியதைத் திருப்பி விட இயலாமற் போகிறது. நீர்ப்பாம்பும் ஆமையும் மாட்டிக்கொள்வதுண்டு.

சுருளுடன் கூடிய கழியும், பின்னல் நூலும், ரப்பர் தவளையும் அண்மைக் காலத்தில் பரவியவை. ரப்பர் தவளையின் முட்கள் அதன் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் தாமரையிலையின் மேலும் கொடியின் மேலும் சிக்காது நழுவி வரும். இது பாஸ் மீனுக்கென ஆக்கப்பட்டு, விராலுக்கு அதனினும் பொருத்தமாக அமைந்துவிட்ட கருவி. உயிருள்ள தவளையைக் கோப்பதினும் இது மேல். வயற்பூச்சிகளை உண்டு உழவருக்கு உதவும் தவளைகள் குறைந்து வருவது உணரப்பட்டே 1987 ஆம் ஆண்டில் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது.

ரப்பர் தவளையை நீர்மேல் இழுக்கும்போது இரண்டு அடி இழுத்து, சற்றே நிறுத்தி, மீண்டும் இழுத்தல் வேண்டும். மாசியில் நிறுத்தும் நேரம் கூடுதலாகவும் பங்குனியில் குறைவாகவும் இருக்கலாம். விரால் பாய்ந்த ஓசை கேட்டவுடன் கழியைச் சுண்டினால் தவளை மட்டுமே பறந்து வரும். மீன் கவ்வித் திரும்பி நூல் இறுகும்வரை பொறுத்து, பின் உறுதியாக இழுக்க வேண்டும். அதன் வாய் எலும்பு கடினமானது. முள் ஏறியபின் விரால் கொடிகளுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். ஆகையால் மெல்லிய நரம்பைக் கொண்டு நெடுநேரம் விளையாட்டுக் காட்டுதல் இங்கு ஏற்றதன்று. வலுவான நூலால் விரைவில் கரைசேர்ப்பதே மீனுக்கும் தீங்கு குறைந்தது.

பார்ப்பு காக்கும் மீன்

விரால் செடிகளை விலக்கி வட்டமான இடம் அமைத்து முட்டையிடும். எண்ணெய்த் துளி கொண்ட முட்டைகள் நீரில் மிதக்கும். பொரித்த குஞ்சுகள் (பார்ப்பு) செம்மஞ்சள் நிறத்தில் ஒரே திரளாக நீர்ப்பரப்பில் கொப்பளித்துக்கொண்டு திரியும். அவற்றின் கீழே தாய்தந்தை மீன்கள் சில வாரங்கள் வரை காவலாக இருக்கும். முட்டையிடுதல் மழைக்காலத்தில் மிகுதி எனினும், பிற மாதங்களிலும் பார்ப்புத் திரள்கள் காணப்படுகின்றன. கோடை மழை பெய்த பங்குனியில் இது வியப்பன்று.

காவல் மீன் பசியால் கவ்வுவதில்லை; குஞ்சுக்கு அருகில் வரும் எதனையும் சினத்தால் தாக்குகிறது. எனவே திரளின் நடுவே தவளையை இழுத்தால் விரால் அகப்படுவது ஏறத்தாழ உறுதி. விரால் பிடிப்பில் இதனினும் எளிய வழி இல்லை. இதனினும் இழப்பு மிகுந்ததும் இல்லை. காவல் நீங்கியவுடன் கெளுத்தி, ஜிலேபிக் கெண்டை, நீர்க்காகம், பிற விரால்கள் என யாவும் அத்திரளை உண்டு தீர்க்கும். ஒரு மீனைப் பெறுவதற்கு ஒரு தலைமுறையை இழப்பது ஏரிக்குக் கட்டுபடியாவதன்று. செந்நிறத் திரளைக் கண்டால் அவ்விடத்தை விட்டு நகர்வதே முறை. அறியாது பிடிபட்டால் அதே இடத்தில் உடனே விட்டுவிட வேண்டும்.

விரால் ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. நீளத்தில் இனப்பெருக்க முதிர்ச்சி அடைகிறது. அதற்குக் குறைந்தவற்றைத் திருப்பி விடுதல் நல்லது. காற்றைச் சுவாசிப்பதால் ஈரம் காயாதவரை இம்மீன் கரையிலும் நெடுநேரம் தாங்கும். சந்தையில் உயிருடன் விற்கப்படுவதும் இதனாலேயே. முள்ளின் கொக்கியை நசுக்கி வைத்துக்கொண்டால் கழற்றுவது எளிதாகும்.

நோயும் அயல் மீனும்

பனிக்காலம் முடியும் வேளையில் பிடிபடும் சில விரால்களின் உடலில் சிவந்த ஆழமான புண்கள் இருக்கும். அபனோமைசிஸ் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வரும் இந்நோய் 1988 ஆம் ஆண்டில் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியில் தோன்றிப் பிற மாநிலங்களுக்கும் பரவியது; விராலை மிகுதியாகத் தாக்குவது. புண்பட்ட மீனை உண்ணாதிருத்தலும், அந்நீரில் நனைந்த வலை, கூடை, காலணிகளை வெயிலில் நன்கு உலர்த்தாமல் வேறு ஏரிக்குக் கொண்டுசெல்லாதிருத்தலும் தேவை.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு 2000 ஆம் ஆண்டில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டும் குட்டைகளிலிருந்து தப்பி ஏரிகளில் பெருகியுள்ளது. இதுவும் காற்றைச் சுவாசிப்பதால் இதன் வட்டத்தை விராலின் வட்டமெனக் கருதி ஏமாறுவோர் உண்டு. செதிலின்மையும் நான்கு இணை மீசைகளும் இதனைக் காட்டிக்கொடுக்கும். பிடிபட்டால் நீரில் திரும்ப விடலாகாது. பிற நாட்டில் விராலுக்கும் இந்நிலையே: 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குளத்தில் வடக்கத்திய விரால் பெருகியது தெரியவந்தபோது, அதிகாரிகள் அக்குளத்திற்கு நஞ்சிட்டே அழித்தனர்.

உரிமையும் பாதுகாப்பும்

ஏரிகளில் மீன்பிடிக்கும் உரிமை பெரும்பாலும் மீன்பாசிக் குத்தகையாக ஏலம் விடப்படுகிறது. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் குத்தகைதாரரின் இசைவின்றித் தூண்டிலிடுதல் பூசலுக்கு இடமாகும். அவர் இறுதி வலை போடுவது பெரும்பாலும் நீர் நன்கு வற்றிய பின்னரே. அணைகளில் மீன்வளத்துறையின் அனுமதியும், கல்வராயன் மலைக் காப்புக்காட்டு ஓடைகளில் வனத்துறையின் அனுமதியும் தேவை. வெடி, நஞ்சு ஆகியவற்றால் மீன்பிடித்தல் 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றமாக்கப்பட்டது. மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பது பிடிப்பவரின் உயிரையே பறிக்க வல்லது.

வண்டல் மண் எடுத்த ஏரிகளில், முழங்காலளவு நீருக்கு அடுத்த அடியிலேயே ஆள் உயரப் பள்ளம் இருக்கக்கூடும். கலங்கிய நீரில் அது தெரியாது. நீர் இறங்கிய மாதங்களில் ஏரி ஆபத்தற்றது என்னும் எண்ணம் தவறானது. சிக்கிய தூண்டிலை எடுக்க நீரில் இறங்குவதைவிட நரம்பை அறுத்துவிடுவது மேல். சிறுவர் தனியே செல்லலாகாது.

கடைசிக் குட்டை

பங்குனி இறுதியில் பல ஏரிகள் மதகடியில் ஒரு குட்டையாக எஞ்சும். வெளியில் அகப்படாத விரால்கள் யாவும் அதனுள் இருக்கும். ஊத்தா எனும் அடியற்ற கூடையால் குத்தியும் கையால் துழாவியும் அவற்றைப் பிடிக்க முடியும். குட்டை சேறானாலும் விரால் உடனே இறப்பதில்லை. ஈரச்சேற்றுள் புதைந்து காற்றைச் சுவாசித்து, அடுத்த மழைவரை சில உயிர்பிழைக்கும். ஆவணியில் நீர் வரும்போது மேலேறி முட்டையிடுவன இவையே. விரால் குஞ்சுகளை யாரும் விடாத ஏரியில் ஆண்டுதோறும் விரால் இருப்பதற்கு, மேலேயுள்ள ஏரிகளிலிருந்து நீரோடு வருவனவற்றைத் தவிர, இச்சேற்றில் எஞ்சியவையே காரணம். ஆகவே பின்பனித் தூண்டிற்காரர்களுள் பட்டறிவுடையோர் குட்டையான பின் தூண்டிலைச் சுருட்டிவிடுகின்றனர்.