சதுரம் உண்டா? கயிற்றிலிருந்து ஐந்தாம் எடுகோள் வரை

நான்கு பக்கமும் சமம், நான்கு கோணமும் செங்கோணம்: யூக்ளிட் தம் நூலின் முதல் பகுதியில், 22ஆம் வரையறையில், சதுரத்தைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். அப்படியோர் உருவம் இருக்கிறது என்று அங்கே அவர் சொல்லவில்லை. அதை வரைந்து காட்டுவது 46ஆம் தேற்றத்தில், பிதாகரஸ் தேற்றத்துக்கு ஒரு படி முன்பு. சதுரத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியின் வரலாறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொ.ஆ.மு. 800–500 காலத்தது என்று பொதுவாகக் கணிக்கப்படும் பௌதாயன சுல்ப சூத்திரம், வேள்விப் பீடத்துக்குச் சதுரம் போடச் சில வழிகள் தருகிறது. ஒன்றை மட்டும் பார்ப்போம். பக்கம் 12 அலகு என்று கொள்வோம். கிழக்கு மேற்காக 12 அலகில் ஒரு கோடு. இரு முனையிலும் முளை. 18 அலகுக் கயிற்றின் நுனிகளை முளைகளில் மாட்டி, ஒரு நுனியிலிருந்து 5 அலகில் இட்ட குறியைப் பிடித்துத் தெற்கே இழுத்தால் 5, 12, 13 முக்கோணம் விறைத்து நிற்கும், முளையருகே செங்கோணம். அந்தத் திசையில் பாதிப் பக்கமான 6 அலகை அளந்து மூலையைக் குறிப்பார்கள். வடக்கேயும் அப்படியே, பிறகு கயிற்றை முனை மாற்றி மறுமுளையிலும். செங்கோணம் பிறப்பதெல்லாம் நடுக்கோட்டின் முனைகளில்தான். சதுரத்தின் நான்கு மூலைகளில் ஒன்றையும் கயிறு அளக்கவில்லை. அங்கும் செங்கோணமே விழும் என்பது நம்பிக்கை. மட்டமான தரையில் அது பொய்த்ததில்லை, எனவே கேள்வியும் எழவில்லை.

யூக்ளிட் ஒரு முனையில் செங்குத்து எழுப்பி, அதே நீளத்துக்கு வெட்டி, இரண்டு இணைகோடுகளால் உருவத்தை மூடுகிறார். எஞ்சிய கோணங்களுக்கு அவர் துணை கொள்வது 29ஆம் தேற்றத்தை. இணைகோட்டு எடுகோள் எனப்படும் ஐந்தாம் எடுகோளை அவர் முதன்முதலில் கையிலெடுப்பது அங்கேதான். 28 தேற்றங்களை அது இல்லாமலே ஓட்டியவரால் சதுரத்துக்கு அதைத் தவிர்க்க முடியவில்லை.

1077இல் உமர் கய்யாம் ஓர் அடிக்கோட்டின் இரு முனைகளிலும் சம நீளச் செங்குத்துகளை நிறுத்தி, மேல்முனைகளை இணைத்து, மேலே உண்டாகும் கோணங்களை ஆராய்ந்தார். பௌதாயனரின் சதுரத்தை நடுக்கோட்டில் பிளந்தால் வரும் பாதியும் இதே நாற்கரம்தான் (ஒற்றுமை உருவத்தில் மட்டும், தொடர்பு எதையும் நான் கோரவில்லை). இரு கோணங்களும் சமம் என்று காட்டுவது எளிது. செங்கோணமா, குறுங்கோணமா, விரிகோணமா என்பதே சிக்கல். 1733இல் மிலானில் வெளியான நூலில் சாக்கேரி பின்னிரண்டையும் முரண்பாட்டில் தள்ள முயன்றார். விரிகோணம் வீழ்ந்தது, குறுங்கோணத்தை, நேர்கோட்டின் இயல்புக்கு ஒவ்வாது என்று ஒதுக்கிவிட்டார். அது நிரூபணமாகாது. ஆனால் ஓர் இடத்தில் செங்கோணம் மெய்யானால் எங்கும் மெய் என்று அவர் நிறுவியது நிலைத்தது. ஒரே ஒரு சதுரம் கிடைத்தால் போதும், ஐந்தாம் எடுகோள் தானே வந்துவிடும்! கிளேரோ 1741இல் இந்தத் தொல்லையே வேண்டாமென்று, செவ்வகங்களைத்தான் வீட்டிலும் தோட்டத்திலும் சுவரிலும் பார்க்கிறோமே என்று தொடங்கினார். கயிறு பிடித்தவர்களுக்கு அவர் நெருங்கிய உறவினர்.

லோபாசெவ்ஸ்கியும் (1829) பொயாயும் (1832) குறுங்கோணத்தை ஏற்றே வடிவியல் கட்டினார்கள். 1868இல் பெல்ட்ராமி அதற்கு மாதிரி தந்தபின் ஐந்தாம் எடுகோளை மற்றவற்றிலிருந்து நிறுவ முடியாது என்பது தெளிவாயிற்று. பள்ளியில் நாம் சதுரத்துக்குப் பல அடையாளம் சொல்கிறோம்: சம பக்கங்களும் ஒரு செங்கோணமும், அல்லது ஒன்றையொன்று செங்குத்தாக இருசமக் கூறிடும் சம நீள மூலைவிட்டங்கள். எதை எடுத்தாலும் உருவம் ஒன்றே. லோபாசெவ்ஸ்கியின் தளத்தில் இவை பிரிந்துவிடுகின்றன. முதல் அடையாளப்படி வரைந்தால் எதிரெதிர் கோணங்கள் இரண்டு செங்கோணமாகும், மற்ற இரண்டும் குறுங்கோணம். இரண்டாவதன்படி வரைந்தால் பக்கங்கள் சமம், கோணங்களும் சமம். ஒன்றும் 90 பாகை தொடாது. உருவம் பெருகப் பெருகக் கோணம் சிறுக்கும். எனவே அத்தளத்தில் பரப்பை எண்ணச் சதுர அலகு கிடையாது. லாம்பெர்ட் 1766இல் எழுதி, அவர் மறைந்தபின் 1786இல் அச்சான ஆய்வில் கண்டபடி, கோணங்களின் கூடுதலில் விழும் குறைவே அங்கே பரப்புக்கு அளவுகோல்.