பெங்களூரின் இருவகைத் தண்ணீர்

பெங்களூரில் ஒரே தெருவில் அடுத்தடுத்துள்ள இரண்டு வீடுகளில் துவரம்பருப்பு வேகும் நேரம் வெவ்வேறாக இருப்பதுண்டு. ஒரு வீட்டுக் குழாயில் காவிரி வருகிறது. மற்றதில் ஆழ்துளைக் கிணற்று நீர் வருகிறது. முன்னதில் சவுக்காரம் உடனே நுரைக்கும். பின்னதில் எவ்வளவு தேய்த்தாலும் வெண்மையாகத் திரளுமேயன்றி நுரை காணாது. கன்னடத்தார் இதனைக் ‘கடசு நீரு’ என்பர். நம்மவர் பொதுவாக உப்புத் தண்ணீர் என்று சொல்லிவிடுகிறோம். ஆயினும் உப்புக் கரிப்பு வேறு, கடினத்தன்மை வேறு. இவ்விரு வகை நீரும் ஒரே நகரில் வந்து சேர்ந்த வரலாறு அறியத்தக்கது.

பெங்களூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் மேட்டு நிலத்தில் அமைந்த ஊர். அருகே வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஆகவே பழங்காலத்தார் மழைநீரை ஏரிகளில் தேக்கி வாழ்ந்தனர். இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையம் நிற்குமிடம் அவ்வாறான தர்மாம்புதி ஏரியின் படுகையே. 1809-இல் இராணுவக் குடியிருப்பு அமைந்தபோது, அதனைப் பின்தொடர்ந்து தமிழர் பலர் வந்து அல்சூர்ப் பகுதியில் குடியேறினர். அவர்களும் ஏரியையும் கிணற்றையுமே நம்பியிருந்தனர். 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும்பஞ்சம் அந்நம்பிக்கையைக் குலைத்தது. 1882-இல் சாங்கி ஏரி வெட்டப்பட்டது, அதுவும் போதவில்லை.

அக்காலத்தில் மைசூர் அரசின் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்திரி ஐயர். அவருடைய ஆட்சியில், 1894-இல், அர்க்காவதி ஆற்றின் குறுக்கே எசரகட்டாவில் நீர்த்தேக்கம் அமைந்தது. அங்கிருந்து சோலதேவனஹள்ளி வரை நீர் தானே இறங்கி வந்தது. பின் நீராவி எந்திரங்கள் அதனை நகருக்கு ஏற்றின. நீரைத் துப்புரவு செய்யப் பிற்காலத்தில் மல்லேசுவரத்தில் நிறுவிய ‘ஜுவல் பில்டர்’ என்ற வடிகட்டும் நிலையம் அவ்வட்டாரத்துக்கே ஒரு பெயராக நிலைத்துவிட்டது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும் சேர்ந்தது. மழையால் நிரம்பும் தேக்கத்து நீர் பாறையோடு நெடுநாள் உறவாடுவதில்லை. ஆகவே அது பெரும்பாலும் மென்மையானது.

ஆனால் நகரம் அர்க்காவதியை விரைவில் விஞ்சி வளர்ந்தது. 1974-இல் காவிரி முதன்முறையாகக் குழாய் வழியே வந்தது. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், மூன்று இடங்களில் எந்திரங்களால் ஏற்றப்பட்டு அந்நீர் வருகிறது. குழாயைத் திறக்கும்போது இத்துணை மின்சாரம் நம் குடத்தில் விழுகிறது என்பதை நாம் எண்ணுவதில்லை.

காவிரிக் குழாய் எட்டாத புறநகரங்கள் நிலத்தைத் துளைத்தன. பெங்களூரின் அடிநிலம் கருங்கல்லும் அதையொத்த கடும்பாறையும் ஆகும். மழைநீர் மண்ணில் ஊறும்போது கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது புளிப்புத் தன்மை பெறுகிறது. பாறைப் பிளவுகளில் தங்கிச் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கொள்கிறது. கடினத்தன்மை என்பது இதுவே. சில இடங்களில் துளை ஆயிரம் அடிக்கும் கீழே சென்றுவிட்டது.

சுண்ணாம்புச் சத்து பருப்பின் அணுச்சுவர்களை இறுகச் செய்வதால் அது எளிதில் குழைவதில்லை. சமையல் சோடாவை ஒரு சிட்டிகை இடுவது சிலர் வழக்கம். பருப்பு வேகும்; ஆனால் உயிர்ச்சத்து ‘பி’ ஓரளவு அழியும். வெந்நீர்க் கருவியிலோ கரைந்த சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து, கம்பிச் சுருளின்மேல் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. சூடு நீரைச் சேரத் தாமதமாகிறது, மின்கட்டணம் ஏறுகிறது. பாத்திரத்தில் படிந்த கறையைப் புளியிட்டுத் தேய்த்தால் போக்கலாம். படிகாரம் கலங்கலைத் தெளியவைக்குமே தவிர இதற்கு உதவாது. கொதிக்கவைத்தால் கடினத்தன்மையின் ஒரு பகுதி மட்டுமே நீங்கும்.

இந்நீரைக் குடிப்பதனாலேயே நோய் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் கருதிய வரம்பு எதுவும் விதிக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. இழப்பெல்லாம் சவுக்காரத்திலும் எரிபொருளிலும் நேரத்திலுமே. அவ்விழப்பு, வடிகட்டும் கருவி வாங்க இயலாத கூலி வீடுகளில் மிகுதியாக விழுகிறது என்பதே நம் வருத்தம்.

2007-இல் நகர எல்லையுடன் 110 கிராமங்கள் இணைக்கப்பட்டன. அவற்றுக்கென வகுத்த காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் அதன் அளவு. அவ்வாண்டு கோடையிலோ ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றனர். குழாய் வந்துவிட்ட பின்னரும் பல கட்டடங்களில் காவிரி நீரும் கிணற்று நீரும் ஒரே நிலத்தடித் தொட்டியில் கலக்கின்றன. ஆகையால் காவிரி வரும் வேளையில் ஒரு குடத்தைத் தனியே பிடித்து, பருப்புக்கும் காப்பிக்கும் மட்டும் ஒதுக்கி வைக்கும் இல்லத்தரசியரை அங்கே காணலாம்.