இரத்தினபுரியின் கிற்றாரும் லயத்து வானொலியும்

இசையின் வரலாற்றை எழுதுவோர் பாடியவரைப் பற்றி எழுதுகின்றனர். மெட்டமைத்தவரைப் பற்றி எழுதுகின்றனர். இசைத்தட்டை வெளியிட்ட நிறுவனத்தையும் மறப்பதில்லை. அந்தத் தட்டைச் சுற்றி அமர்ந்து கேட்டவர்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களைப் பொறுத்தவரை இக்குறை பெரிது. இந்நாட்டின் பொப்பிசை வரலாற்றில் முதலிடம் பெறும் குழு ஒன்று நமது இரத்தினபுரியிலேயே தோன்றியது. அந்த நகரைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ச் செவிகள் அதனை எவ்வாறு கேட்டன என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

அக்குழுவின் பெயர் மூன்ஸ்டோன்ஸ். மாணிக்கம் அகழும் நகரின் இளைஞர்கள் தங்கள் குழுவுக்குக் கல்லின் பெயரைச் சூட்டிக்கொண்டமை பொருத்தமானதே. சந்திரகாந்தம் என்று நமது பழைய இலக்கியங்கள் போற்றும் கல் அது. 1960களின் நடுப்பகுதியில் அன்ஸ்லி மாலேவனவும் கிளரன்ஸ் விஜேவர்தனவும் இணைந்து இதனை உருவாக்கினர். கிளரன்ஸ் 1943இல் தேயிலை மலைகள் சூழ்ந்த அப்புத்தளையில் பிறந்தவர். சிங்களப் பாட்டில் மின்கிற்றாருக்கு நிலையான இடத்தைப் பெற்றுக்கொடுத்தவர் என்று இன்றும் போற்றப்படுபவர். இந்திராணி பெரேராவின் குரலும் குழுவில் சேர்ந்தது. வானொலி அறிவிப்பாளர் விஜய கொரெயா இவர்களை நாடறியச் செய்தார். ஜெரல்ட் விக்கிரமசூரிய நடத்திய ‘சூரிய’ நிறுவனம் அக்காலத்துப் பொப் குழுக்களின் பாடல்களை இசைத்தட்டுகளாக வெளிக்கொணர்ந்தது.

இந்த இசை எங்கிருந்து வந்தது? 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டை அறிமுகப்படுத்தியது. அதுவரை ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே ஓடிய தட்டு, இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடத் தொடங்கிற்று. 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ தட்டுக்குப் பின்னர், முதற்பாட்டிலிருந்து இறுதிப்பாட்டு வரை வரிசை குலையாமல், நண்பர்கள் கூடியிருந்து கேட்கும் வழக்கம் மேலைநாடுகளில் வேரூன்றியது. காவியத்தைக் காப்புச் செய்யுள் முதல் படிப்பதைப் போன்றது அது.

இலங்கைக் குழுக்களுக்கு அவ்வளவு நீண்ட தட்டு எளிதில் வாய்க்கவில்லை. பக்கத்துக்கு இரண்டு பாடல்களாக நான்கு பாடல்கள் கொண்ட சிறு தட்டே அவர்களின் காவியம். அவர்களின் தாளத்திலும் பீட்டில்ஸின் சாயலோடு வேறொன்றும் கலந்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்சோ இசையே அது. 1956இல் ஹரி பெலபொன்டேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டு உலகெங்கும் பரவியது. அதில் புகழ்பெற்ற வாழைப்பழப் படகுப் பாட்டு, இரவு முழுதும் குலை சுமந்த ஜமேக்காத் தொழிலாளரின் வேலைப்பாட்டிலிருந்து பிறந்தது. கலிப்சோவின் தாயகமான டிரினிடாட்டோ கரும்புத் தோட்டங்களின் தீவு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த அத்தீவுக்கு 1845 முதல் இந்தியக் கூலிகளும் கப்பலேறினர். ஆக, ஒரு பெருந்தோட்டத்தின் வியர்வையில் விளைந்த தாளம் இசைத்தட்டேறி, கடல் கடந்து, மற்றொரு பெருந்தோட்டத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. நமது மக்களுக்கும் சொந்த வேலைப்பாட்டு இருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்கள் அதற்குச் சான்று. அந்தப் பாட்டுக்கு மட்டும் இசைத்தட்டு வாய்க்கவில்லை.

தோட்டத்துக்கு இசையைக் கொண்டுவந்தது வானொலி. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை இந்தியா வரை கேட்டது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்திய நேயர்களே கொழும்பை நோக்கிச் செவியைத் திருப்பினர். மின்சாரம் எட்டாத லயங்களுக்கு, 1960களில் பரவிய பற்றரியில் இயங்கும் ட்ரான்சிஸ்டர் வழி திறந்தது. ஒருவர் வாங்கிய பெட்டி ஒரு லயத்துக்கே பொதுவானது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பின்னர் நேயர் விருப்பம், ‘இசையும் கதையும்’. அலைவரிசையைச் சற்றே திருப்பினால் சிங்களச் சேவை. இறப்பர்த் தோட்டத்தில் விடியலில் தொடங்கும் பால்வெட்டு, பால் அளந்து கொடுத்ததோடு முடிந்துவிடும். பிற்பகலில் பெட்டியைச் சுற்றிக் கூடுவதற்கு நேரம் கிடைத்தது.

எங்கள் பகுதியில் இசை ஆர்வலர் சிலர் அவ்வப்போது கூடுவதுண்டு. ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தோட்டத்து உத்தியோகத்தர், ஒரு கடைக்காரர் என ஆறேழு பேர். மூன்ஸ்டோன்ஸ் பாடல்களையும், அதன் பின் கிளரன்ஸ் அமைத்த கோல்டன் சைம்ஸ், சுப்பர் கோல்டன் சைம்ஸ் குழுக்களின் பாடல்களையும் இயன்றவரை வெளிவந்த வரிசையிலேயே கேட்டு வருகிறோம். ‘மேங்கோ களு நெந்தே’ ஒலித்தபோது எங்கள் பேச்சு இலக்கணத்துக்குத் திரும்பியது. ‘நெந்தா’ என்னும் சிங்களச் சொல் தந்தையின் சகோதரியையும் மாமன் மனைவியையும் மாமியாரையும் குறிக்கும். தமிழில் அத்தையும் மாமியும் நிற்கும் அதே இடம். ஏறத்தாழ அக்காலத்திலேயே நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ என்று பாடித் தமிழ்ப் பொப்பிசைக்கு வழி திறந்தார். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களப் பெயரையே தமிழ் மேடைகளுக்குக் கொண்டு சென்றது. இரு மொழியிலும் இளைஞனின் கேலிப்பாட்டு மாமியை விளித்தே தொடங்குகிறது என்றால், அங்கே மொழி இரண்டு; உறவுமுறை ஒன்று.

எங்களுள் மூத்தவர் ஒருவர், இளமையில் பால்வெட்டியவர், அன்று சொன்னது இது: “அப்ப அத சிங்களப் பாட்டுன்னு நெனைக்கவே இல்ல, சேர். பக்கத்து ஊர்ப் பாட்டுன்னுதான் நெனைச்சோம்.”

இந்த ஒரு வாக்கியத்தின் எடையை அறிய அந்தக் காலத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். மூன்ஸ்டோன்ஸ் தோன்றுவதற்குச் சற்று முன்னர், 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று மக்கள் எண்ணப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே லயத்தில் ஒரே பெட்டியைக் கேட்டவர்களுள் சிலர் தலைமன்னாரில் கப்பலேறினர். சிலர் இங்கேயே நின்றனர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் சுட்டன. லயங்கள் எரிந்தன, குடும்பங்கள் வடக்கே வவுனியாவுக்கும் கடல் கடந்தும் சென்றன. பக்கத்து ஊர், பக்கத்து ஊராக இருக்கவில்லை.

பாட்டு இருந்திருந்தால் வன்செயல் நிகழ்ந்திராது என்று சொல்வது பேதைமை. பாட்டு இருந்தது, வன்செயலும் நிகழ்ந்தது. அந்த மூத்தவருக்கு இரண்டுமே தெரியும். எங்கள் லயத்துக்குத் தீ வைத்தவனும் அந்தப் பாட்டைப் பாடியிருப்பான் என்று அவரே கூறினார். எனினும் பாட்டு தொடங்கியதும் அவர் விரல்கள் மேசையில் தாளமிட்டன. கசப்பும் களிப்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு உரை வேண்டியதில்லை.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கசற் கருவிகள் வந்து குவிந்தன. இசைத்தட்டு மறைந்தது; கேட்பது மெல்ல மெல்லத் தனிமனிதச் செயலாயிற்று. கிளரன்ஸ் 1996 டிசம்பர் 13இல் மறைந்தார். நாடற்றவர் பட்டியலில் எஞ்சியோருக்கு 2003இன் சட்டம் குடியுரிமை வழங்கியது. அந்தப் பாடல்கள் சிங்கள மேடைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அவற்றைப் பற்றி நூல்களும் கட்டுரைகளும் எழுதப்படுகின்றன. அவற்றில் லயத்து ட்ரான்சிஸ்டர் இடம்பெறுவதில்லை. நமது மலையக இலக்கிய வரலாறுகளிலும் இரத்தினபுரிக் கிற்றாருக்கு இடமில்லை.

இக்குறையைப் போக்க ஆவணக் காப்பகம் எதுவும் நமக்கு உதவாது. அந்த வானொலிகளைச் சுற்றி அமர்ந்தவர்களுள் இளையவருக்கே இன்று எழுபது வயதை அண்மிக்கிறது. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் தெரணியகலையிலும் யட்டியாந்தோட்டையிலும் அவர்கள் இருக்கிறார்கள். மேல்வகுப்பு மாணவர்கள் ஒரு பிற்பகலை ஒதுக்கி, பழைய பாட்டொன்றை ஒலிக்கவிட்டு, “தாத்தா, இதை முதலில் யாரோடு கேட்டீர்கள்?” என்று வினவட்டும். சொல்லப்படும் பெயர்களுள் ஒன்று இராமேஸ்வரத்துக்குப் போயிருக்கும். ஒன்று வவுனியாவுக்குப் போயிருக்கும். ஒன்று பக்கத்துச் சிங்களக் கிராமத்தினதாக இருக்கும். அப்பெயர்களை அப்படியே எழுதிக்கொண்டால் போதும்.