டுவீற்றரும் ஓம் கணக்கும்

கடுகண்ணாவை ஏற்றத்தில் ஊர்ந்து வரும் வாகனத்திலும், பேராதனை, கட்டுகஸ்தோட்டை நெரிசல்களில் காத்து நிற்கும் வாகனத்திலும் வானொலியே சாரதிக்குத் துணை. ஆயினும், ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் பலவற்றின் வானொலிப் பெட்டி, அந்நாட்டு ஒலிபரப்புக்கு ஏற்ப 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே பிடிக்கும். இலங்கையின் பண்பலையோ 88 முதல் 108 வரை பரந்துள்ளது. ஆகவே பெட்டியை மாற்றவேண்டிய தேவை எழுகிறது. அத்தோடு டுவீற்றர் எனப்படும் சிறு ஒலிபெருக்கிகளையும் பொருத்திக்கொள்ளும் விருப்பம் எழுவது இயல்பே.

அவ்விருப்பத்திற்குக் காரணமும் உண்டு. உயர் மீடிறன் ஒலிகள் பெரும்பாலும் நேர்திசையில் செல்பவை. கதவின் அடிப்பகுதியிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து வரும் அவ்வொலிகளை இருக்கையும் கால்களும் தடுத்துவிடுகின்றன. செய்தி வாசிப்பவரின் 'ச', 'ஸ' ஓசைகள் மங்கிக் கேட்பது இதனாலேயே. காது மட்டத்திற்கு அருகே டுவீற்றரைப் பொருத்தினால் இக்குறை பெரிதும் நீங்கும்.

சிக்கல் தோன்றுவது, பழைய ஒலிபெருக்கியில் 4 ஓம் என்றும் புதிய டுவீற்றரில் 8 ஓம் என்றும் எழுதியிருக்கும்போதுதான். ஆடலோட்டத்திற்கு ஒரு சாதனம் காட்டும் எதிர்ப்பே தடங்கல். அதன் அலகே ஓம். இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளைச் சமாந்தரமாக இணைத்தால் மொத்தம் 2 ஓம். 4 ஓமையும் 8 ஓமையும் அவ்வாறு இணைத்தால் ஏறத்தாழ 2.7 ஓம். கார் வானொலிப் பெட்டிகளிற் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் குறையாத சுமைக்கென அமைக்கப்பட்டவை. சுமை அதனிலும் தாழ்ந்தால் மின்னோட்டம் மிகுந்து, பெட்டி சூடேறும், தானாக நின்றுவிடும், சிலவேளை கருகியும் போகும்.

எனினும், இக்கணக்கு முழு உண்மையன்று. டுவீற்றருடன் தொடராக ஒரு கொள்ளளவி இணைக்கப்படும்போது, அது தாழ் மீடிறன்களைத் தடுத்துவிடுகிறது. அம்மீடிறன்களில் பெட்டி காண்பது பழைய ஒலிபெருக்கியை மட்டுமே. உயர் மீடிறன்களிலோ பழைய ஒலிபெருக்கியின் தடங்கல், அதன் கம்பிச்சுருளின் தூண்டல் காரணமாக உயர்ந்துவிடுகிறது. எனவே ஓம் பொருந்தாமை தன்னளவில் ஆபத்தன்று; கொள்ளளவியின்றி இணைப்பதே ஆபத்து. அவ்வாறு இணைத்தால் முதலில் எரிவது டுவீற்றரே.

பொருந்தாமையின் உண்மையான விளைவு வேறிடத்தில் உள்ளது. 4.7 மைக்ரோபரட் கொள்ளளவி, 4 ஓம் டுவீற்றருக்கு ஏறத்தாழ 8,500 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை அனுமதிக்கும். 8 ஓம் டுவீற்றரிலோ அவ்வெல்லை 4,200 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். சிறிய டுவீற்றர்கள் சில அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தாங்கமாட்டா. பழைய எல்லையே வேண்டுமெனில் கொள்ளளவியின் பெறுமானத்தை ஏறத்தாழப் பாதியாக, அதாவது 2.2 மைக்ரோபரட்டாகக் குறைக்கவேண்டும். கொள்ளளவி, முனைவேறுபாடற்ற வகையாக இருத்தல் அவசியம். மேலும், 8 ஓம் டுவீற்றர் அதே மின்னழுத்தத்தில் பாதி வலுவையே பெறும். ஏனைய தன்மைகள் ஒத்திருந்தால் ஒலி 3 டெசிபல் தணியும். டுவீற்றர்கள் பொதுவாகக் கூர்மையாக ஒலிப்பவை என்பதால் இது பலவேளை நன்மையே.

டுவீற்றரைப் பழைய ஒலிபெருக்கியுடன் தொடராக இணைத்தலாகாது; கொள்ளளவி அதன் தாழொலியையும் விழுங்கிவிடும். கார் உற்பத்தியாளரே டுவீற்றர் பொருத்தியிருப்பின் அதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். முன்கண்ணாடியின் பக்கத்தூணில் விபத்துக் காற்றுப்பை உள்ள வாகனங்களில் அவ்விடத்தைத் துளைக்கவே கூடாது.

இவையாவும் ஒலிபெருக்கியின் பின்புறத்திலுள்ள ஓர் எண்ணை வாசித்து, ஒரு சிறு கணக்கைச் செய்தால் தெளிவாகிவிடும். அதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை. வேலைத்தலத்தில் வயர்களை முறுக்குமுன் "எத்தனை ஓம்? கொள்ளளவி எவ்வளவு?" என்று வினவுவது வாகன உரிமையாளரின் உரிமை, விடை கூறுவது தொழில் செய்பவரின் கடமை. அவ்வாறு தெளிவான ஒலியைப் பெற்றவர் சத்தத்தைக் கூட்டவேண்டிய தேவையும் குறைகிறது. வளைவுக்கு வளைவு எதிர்வரும் பஸ்ஸின் ஹோர்ன் ஒலி கேட்கவேண்டிய மலைநாட்டு வீதிகளில், இசையைவிட அதுவே பெரிய நன்மை.