ஊவாத் தோட்டங்களிற் படியிறங்கிய அதிகாரம்

தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தை ஒருவர் தமக்குக் கீழுள்ளவரிடம் ஒப்படைக்கலாமா என்பது ஆட்சித்துறையிலே பழமையான வினா. பிறரிடமிருந்து அதிகாரம் பெற்றவர் அதனை மற்றொருவருக்குக் கொடுத்தல் ஆகாது என்பது இலத்தீன் மொழியில் வழங்கும் சட்ட முதுமொழி. ஆனால், பதுளையைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களின் வரலாறு இம் முதுமொழிக்கு நேர்மாறான ஏற்பாட்டின் மீதே எழுந்தது.

ஊவா 1886-ஆம் ஆண்டில் தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகராயிற்று. பசறை, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளை ஆகிய பகுதிகளில் இருந்த தோட்டங்கள் பலவற்றின் உரிமையாளர் இலண்டனில் இருந்தனர். அவர்தம் அதிகாரம் கொழும்பிலுள்ள முகவர் நிலையத்துக்கு வந்தது. அங்கிருந்து பெரிய துரைக்கும், அவரிடமிருந்து சின்னத் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இறங்கியது. தொழிலாளரை ஆளும் பொறுப்போ பெரிய கங்காணியின் கையிலே தங்கியது. அவர் தமக்குக் கீழே சில்லறைக் கங்காணிமாரை வைத்துக்கொண்டார். மலைச்சரிவிலே கொழுந்து கிள்ளிய பெண் இத்தனை படிகளையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

கங்காணி என்னும் சொல் புதியதன்று. கோயிற் காரியங்களை மேற்பார்வை செய்தவரைக் கண்காணி என்று சோழர் கல்வெட்டுக்களே குறிக்கின்றன. மலைநாட்டிலே அச்சொல் பெற்ற பொருள் மிக விரிந்தது. தென்னிந்தியக் கிராமத்திலே ஆள் சேர்ப்பவரும், அவர்களை அழைத்து வருபவரும், முன்பணம் கொடுப்பவரும், பெரட்டுக்களத்திலே ஆளை நிறுத்துபவரும், லயத்திலே பிணக்குத் தீர்ப்பவரும் அவரே. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆதலால், ஒருவர் நோயுற்று லயத்திலே கிடந்தால், அது கங்காணிக்கும் நட்டமாயிற்று.

அதிகாரத்தோடு கடனும் படியிறங்கியது என்பதே இதிற் கருதத்தக்கது. தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுத்தது. கங்காணி அதனைச் சில்லறைக் கங்காணிக்கும், அவர் தொழிலாளிக்கும் பங்கிட்டனர். தோட்டத்தின் ஏட்டிலே அது கங்காணியின் கடன்; கங்காணியின் ஏட்டிலோ அது தொழிலாளியின் கடன். எழுத்தறியாத தொழிலாளிக்குத் தன் கடன் எவ்வளவு என்பதைச் சரிபார்க்க வழியில்லை. ஒரு கங்காணி தம் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், துரை ‘துண்டு’ எழுதிக் கொடுப்பார். குறித்த கடனைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்பதாக அச்சீட்டுக் கூறும். புதிய தோட்டம் அப்பணத்தைக் கொடுத்து ஆட்களைப் பெறும். அவர்தம் கடன் தீராமலே உடன் செல்லும்.

உரிமை கீழே இறங்கிய அளவுக்குப் பொறுப்பு மேலே ஏறவில்லை. 1869-ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலேயே கோப்பி இலைநோய் முதலிற் காணப்பட்டது. பின்னர்த் தோட்டங்கள் நொடித்தபோது, கூலி பெறாது நின்ற தொழிலாளர் யாரிடம் கேட்பது? கங்காணி துரையைக் காட்டினார். துரை முதலாளியைக் காட்டினார். முதலாளியோ கடலுக்கு அப்பால் இருந்தார். கூலியைத் தோட்டத்தின் மீதான முதற் கடனாக்க 1884-ஆம் ஆண்டிலே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927-ஆம் ஆண்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. 1939-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்ததும், ஆள் சேர்க்கும் கங்காணியின் வேலையும் முடிவுற்றது. எனினும், சட்டங்கள் அனைத்தும் மேலிருந்தே வந்தன. அதிகாரம் மேலிருந்துதான் வரவேண்டும் என்ற எண்ணம் அசையவில்லை.

அதனை அசைத்தது 1940-ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஊவாத் தோட்டங்களிலே வேலைநிறுத்த அலை எழுந்தது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்திலே தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்து நடப்பதற்குத் துரையும் இணங்கினார். அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும், மேலிருந்து ஒப்படைக்கப்பட்ட அதிகாரமன்றிக் கீழிருந்து அளிக்கப்படும் அதிகாரமும் ஒன்றுண்டு என்பதை மலைநாடு அன்று கண்டது.

பிற்காலத்திலே தோட்டங்கள் கைமாறின. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்களால் அவை அரசுடைமையாயின. 1992-ஆம் ஆண்டில் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கங்காணி என்ற பெயர் இன்றும் மலைகளிலே வழங்குகிறது. ஆனால், அது வேலையை மேற்பார்வை செய்பவரை மட்டுமே குறிக்கிறது. கடனேடும் தலைக்காசும் மறைந்தன.

அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது குற்றமன்று. பகிராமல் எந்தப் பெருந்தொழிலும் நடைபெறாது. கொடுத்தவர், தாம் கொடுத்ததனாலேயே பொறுப்பிலிருந்து விடுபட்டதாக எண்ணுவதே குற்றம். ஊவாவின் பச்சை மலைகளை உருவாக்கியவர் அப்பிழையின் விலையை மூன்று நான்கு தலைமுறைகளாகச் செலுத்தினர்.