சிஎஸ்கே: மேட்ச் இல்லாத மாசங்களும் சில முழங்கால்களும்

சிஎஸ்கே கப் அடிச்ச கதை நம்ம பயலுவளுக்கு மனப்பாடம். 2010, 2011, 2018, 2021, 2023. ஆனா அந்த டீமோட தலையெழுத்து பெரும்பாலும் எழுதப்பட்டது மேட்ச் இல்லாத மாசங்கள்ல, ஏதாவது ஒரு ஹோட்டல் ஹால்ல நடந்த ஏலத்துலதான். அதைப் பத்தி ஒரு த்ரெட். எழுதுறது எலும்பு டாக்டர்ங்கிறதால முழங்கால் கொஞ்சம் அதிகமாவே வரும், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல தோனி. 2008 பிப்ரவரி 20, மும்பை. ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு 50 லட்சம் டாலர். மும்பைக்கு சச்சின், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், டெல்லிக்கு சேவாக், பஞ்சாபுக்கு யுவராஜ்னு 'ஐகான்' வீரர்கள். விதி என்னன்னா, ஐகானுக்கு அந்த அணியின் அதிக விலை வீரரை விட 15 சதவீதம் கூடுதலா குடுக்கணும். சென்னைக்கு ஐகான் கிடையாது. எல்லாரும் அதைக் குறைன்னு நினைச்சாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: மும்பை தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தா சச்சினுக்கு 17.25 லட்சம். ரெண்டு பேருக்கே 32 லட்சத்துக்கு மேல போயிடும். சென்னைக்கு அந்தப் பாரம் இல்லை. 15 லட்சத்துல முடிச்சாங்க. வி.பி.சந்திரசேகர் அன்னைக்கு சென்னைக்காக உக்காந்திருந்தார். என் கணக்குல சிஎஸ்கே வரலாற்றிலேயே பெரிய நாள் அதுதான். கப் அடிச்ச நாட்கள் எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

அடுத்த வருஷமே முதல் முழங்கால். 2009 பிப்ரவரி, கோவா ஏலம். ஆண்ட்ரூ ஃப்ளின்டாஃப் 15.5 லட்சம் டாலர், தோனியை விட அதிகம். ஆடினது 3 மேட்ச். முழங்கால் சவ்வு கிழிஞ்சு ஊருக்குப் போய் ஆபரேஷன். மனுஷன் அதுக்கு முன்னாலயே இடது கணுக்காலைப் பல தடவை அறுத்துத் தைச்சவர்.

இங்க ஒரு டாக்டர் விஷயம். நோயாளிங்க கேப்பாங்க, "வயசாயிட்டுல்லா, அதான் அடிபடுதோ?" வயசும் ஒரு காரணம்தான். ஆனா விளையாட்டு மருத்துவத்துல திரும்பத் திரும்பப் பார்க்கிற உண்மை, அடுத்த காயத்தை முன்கூட்டியே காட்டுறதுல முக்கியமானது பழைய காயம். ஏற்கனவே அடிபட்ட இடம் மறுபடி அடிபடும். அல்லது அந்த இடத்தைக் காப்பாத்தப் போய் வேற இடம் வாங்கிக் கட்டும். ஏல மேசையில ரன்னும் விக்கெட்டும் பேசின அளவுக்கு எம்ஆர்ஐ பேசினதாத் தெரியலை.

2015 ஜூலை 14-ஐ வேகமாத் தாண்டிடுறேன். லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் ரெண்டு வருஷத் தடை போட்டுச்சு. அதை நம்ம ஆளுங்க ஏதோ வனவாசம் மாதிரி உருகிப் பேசுறது எனக்கு ஒத்து வராது. அணி நிர்வாகத்தோட ஒட்டி இருந்தவர் பந்தயம் கட்டினதுக்குக் கிடைச்ச தண்டனை அது. வலிச்சது டிசம்பர் 15 டிராஃப்ட்தான். புனேயும் ராஜ்கோட்டும் ஆளுக்கு அஞ்சு பேரை எடுத்தாங்க. அந்தப் பத்துல 7 பேர் சென்னை ஆட்கள். தோனி ஒரு பக்கம், ரெய்னா ஒரு பக்கம்.

திரும்பி வந்தது 2018 ஜனவரி ஏலத்துல. வாட்சன் 36 வயசு, 4 கோடி. ராயுடு 32 வயசு, 2.2 கோடி. ஹர்பஜன் 37, தாஹிர் 38. 'அப்பாக்கள் படை'ன்னு சிரிச்சாங்க. ராயுடு 602 ரன், வாட்சன் ஃபைனல்ல ஆட்டமிழக்காம 117. கப்பு வந்துது. பேட்ஸ்மேனுக்கும் ஸ்பின்னருக்கும் வயசு பெரிய எதிரி இல்லை. ஓடி வந்து முன்னங்கால்ல மொத்த எடையையும் இறக்குற வேகப்பந்து வீச்சாளர் கதை வேற. ஆனா இது எப்பவும் பலிச்ச மந்திரமும் இல்லை. 2020-ல கிட்டத்தட்ட அதே பெருசுங்களோட 7-வது இடம்.

2022 பிப்ரவரி 12. தீபக் சாஹர் 14 கோடி. அந்த வருஷம் தோனிக்கே 12 கோடிதான்! சரியா எட்டாவது நாள் கொல்கத்தாவுல பந்து போட ஓடும்போது தொடைத் தசை போச்சு. அதைச் சரிபண்ணிட்டு இருக்கும்போது முதுகு. ஒரு பந்து கூடப் போடலை. பத்து அணியில 9-வது இடம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 2022-23 இடைவெளி. ஜடேஜாவைக் கேப்டனாக்கி, எட்டு மேட்ச்ல பதவி போய், விலா எலும்புல அடிபட்டு அவர் வீட்டுக்குப் போன வருஷம். "சவம், இனி இங்க ஆடமாட்டான்"னு எல்லாரும் முடிவே பண்ணியாச்சு. செப்டம்பர்ல வலது முழங்கால் ஆபரேஷன் வேற. நவம்பர் 15-ல சென்னை அவரை வச்சுக்கிட்டுது. டிசம்பர் 23 கொச்சி ஏலத்துல ஸ்டோக்ஸ் 16.25 கோடி, ரஹானே 50 லட்சம். ஸ்டோக்ஸோட இடது முழங்கால் பிரச்சனை உலகத்துக்கே தெரியும். 2 மேட்ச், 15 ரன். ரஹானே 326 ரன். ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துக்கு 10 ரன் வேணும், அடிச்சது யாருன்னு சொல்லணுமா? ஆபரேஷன் முடிஞ்சு ஒன்பது மாசம் கூட முழுசா ஆகலை. தோனி அவரைத் தூக்கினதை எல்லாரும் பாத்தாச்சு. நான் பாத்தது அந்த வலது முழங்காலை. அப்போ தோனியோட முழங்காலும் சரியில்லை, அடுத்த சில நாள்ல மும்பையில ஆபரேஷன்.

அந்த ஜடேஜாவை முதல்ல வாங்கினது 2012 ஏலத்துல. சென்னையும் டெக்கானும் 20 லட்சம் டாலர்ல முட்டி நின்னு, ரகசியமா ஒரு தொகை எழுதிக் குடுத்துத்தான் முடிஞ்சுது. அந்தத் தொகை வெளிய வரவே இல்லை.

2025-ல சென்னை கடைசி இடம். அதே நவம்பர் 15, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, பதிலுக்கு சஞ்சு சாம்சன். 31 வயசு பேட்ஸ்மேன், விக்கெட் கீப்பர், 36 வயசு ஆல்ரவுண்டருக்குப் பதிலா. புத்திக்கு நியாயமாத்தான் படுது. மனசுக்கு இன்னும் படலை. டிசம்பர் ஏலத்துல பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா, ரெண்டு சின்னப் பயலுவளுக்கும் தலா 14.2 கோடி. பெருசுங்களை நம்பின டீம் மொத்தமா அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு.

சாம்சன் விழிஞ்ஞத்துப் பக்கத்துப் பையன். களியக்காவிளை தாண்டினா கொஞ்ச தூரந்தான். 1956 வரைக்கும் நாமளும் அவங்களும் ஒரே திருவிதாங்கூர். அதனால அவரை "நம்ம பய"ன்னு இங்க உள்ளவங்க சொந்தம் கொண்டாடுறதை யாரும் கேலி பண்ணாதீங்க. முழங்கால் நல்லா இருக்கான்னு மட்டும் யாராவது விசாரிச்சுச் சொல்லுங்க.